வீட்டில் சுட்ட கேக்கும் ரொட்டியும்: ஃபிரிட்ஜில் எதை வைக்கலாம், எதை வைக்கக் கூடாது?

பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு வரை கேக், பன், பஃப்ஸ் என்றால் பேக்கரியில் வாங்குவதுதான் வழக்கம். இன்று கண்டனூர், புதுவயல், காரைக்குடி, இளையான்குடி என்று நம் பகுதியில் எங்கே போனாலும் வீட்டு அடுப்படியில் ஒரு சிறிய ஓவனைப் பார்க்க முடிகிறது. பிள்ளைகளுக்காகச் சுட்டுப் பழகிய சகோதரிகள் பலர் இப்போது வாட்ஸ்அப் வழியாக ஆர்டர் எடுத்து, பெருநாளுக்கும் திருமணத்துக்கும் கேக் செய்து கொடுக்கிறார்கள். அந்த வருமானம் குடும்பச் செலவுக்குக் கைகொடுக்கிறது. அல்ஹம்துலில்லாஹ், வரவேற்க வேண்டிய மாற்றம் இது.

இவர்களிடமிருந்து நமக்கு வரும் கேள்விகளில் மார்க்கம் பாதி, அடுப்படி பாதி. "மூன்று நாளான கேக்கை விற்கலாமா?", "குர்பானி இறைச்சி வைத்த ஃபிரிட்ஜில் கேக் வைக்கலாமா?", "கெட்டதோ என்று சந்தேகப்பட்டுத் தூக்கி எறிந்தால் வீண்விரயம் ஆகாதா?" என்று கேட்கிறார்கள். இவற்றுக்கு விடை சொல்ல மார்க்கச் சட்டம் மட்டும் தெரிந்தால் போதாது. ஃபிரிட்ஜ் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதும் தெரிய வேண்டும். அதைத்தான் இந்தக் கட்டுரையில் விளக்குகிறோம்.

ஃபிரிட்ஜ் இல்லாத காலத்தில்

செட்டிநாட்டு வீடுகளின் தடித்த சுண்ணாம்புச் சுவர்களும் நடு முற்றமும் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையும் வெயிலைத் தணிக்கக் கட்டப்பட்டவை. ஆனால் அங்கே பலகாரம் நாள்கணக்கில் கெடாமல் இருந்ததற்குக் காரணம் வீட்டின் குளிர்ச்சி அல்ல. மணகோலம், சீப்புச் சீடை, முறுக்கு போன்றவற்றில் தண்ணீர் மிகக் குறைவு. கிருமி வளர ஈரம் வேண்டும். ஈரம் இல்லாத பண்டத்தைத் தூக்குச் சட்டியில் போட்டு இறுக மூடி வைத்தால் போதும்.

நம் நன்னிமார்கள் செய்த தம்ரூட்டும் தம்மடையும் இதே வழிதான். ரவை, முட்டை, நெய், சீனி சேர்த்து, சட்டிக்குக் கீழே தணலும் மூடிக்கு மேலே தணலும் போட்டு வேகவைத்தார்கள். ஓவன் வருவதற்கு முன்பே நம் வீடுகளில் இருந்த 'பேக்கிங்' அது. அதில் நிறைய விழும் சீனி ஈரத்தைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்ளும். கிருமிக்கு அந்த ஈரம் கிடைக்காது. அதனால்தான் தம்ரூட் வெளியில் இருந்தும் சில நாள் தாங்குகிறது. முட்டையும் தேங்காய்ப் பாலும் சேர்ந்த வட்டலப்பம் ஈரமானது, அது தாங்காது. செய்த அன்றே உண்டு முடித்தார்கள், அல்லது பக்கத்து வீடுகளுக்குப் பகிர்ந்தார்கள்.

குளிர்ச்சி என்பது அன்றைக்குச் செல்வந்தர்களின் பொருள். 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியை மரத்தூளில் பொதிந்து கப்பலில் சென்னைக்குக் கொண்டுவந்தார்கள். அதைச் சேமிக்க 1842-இல் கட்டிய கட்டடம்தான் மெரினா எதிரே இன்றும் நிற்கும் ஐஸ் ஹவுஸ். இன்று அந்தக் குளிர்ச்சி சாமானிய வீடுகளிலும் இருக்கிறது. அதனால், "எதையும் உள்ளே வைத்துவிட்டால் கெடாது" என்ற நம்பிக்கையும் கூடவே வந்துவிட்டது.

ஃபிரிட்ஜ் உண்மையில் என்ன செய்கிறது?

உணவில் கிருமிகள் வேகமாகப் பெருகுவது 5 டிகிரி முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில். ஃபிரிட்ஜின் உள்பகுதி 4 டிகிரி அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரியில் இருக்க வேண்டும். அந்தக் குளிரில் கிருமிகளின் வளர்ச்சி தளரும். ஃப்ரீசரில் நின்றே போகும். ஆனால் பெரும்பாலானவை சாவதில்லை. வெளியே எடுத்துச் சூடேறியதும் மீண்டும் வளரத் தொடங்கும்.

எனவே, உள்ளே போகும்போதே கெடத் தொடங்கிய பொருளை ஃபிரிட்ஜ் திருத்தித் தராது. கெடக்கூடிய உணவு வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது பொது விதி. வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான் கணக்கு. சித்திரை, வைகாசியில் நம் பகுதிப் பகல் வெயில் 38 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். ஆகவே கண்டனூரில் இருப்பவர்களுக்கு ஆண்டின் பெரும்பகுதி இந்த ஒரு மணி நேரக் கணக்குதான் பொருந்தும்.

ரொட்டியும் பன்னும்: ஃபிரிட்ஜ் வேண்டாம்

பலரும் ரொட்டியைத்தான் முதலில் ஃபிரிட்ஜில் வைக்கிறார்கள். மறுநாள் எடுத்துப் பார்த்தால் காய்ந்து, உதிர்கிறது. ஈரம் போய்விட்டது என்று நினைக்கிறோம். 1852-இல் பிரெஞ்சு வேதியியலாளர் பூசிங்கோ, ஈரம் வெளியேற முடியாதபடி அடைத்து வைத்தாலும் ரொட்டி பழையதாகி இறுகுகிறது என்று காட்டினார். மாவில் உள்ள ஸ்டார்ச் வேகும்போது ஈரத்தை உறிஞ்சி இளகுகிறது. ஆறிய பின் மெல்ல மெல்லப் பழையபடி இறுகுகிறது. இந்த இறுக்கம் மிக வேகமாக நடப்பது உறைநிலைக்குச் சற்று மேலே, அதாவது ஃபிரிட்ஜின் குளிரில்தான். ஃப்ரீசரில் அது ஏறத்தாழ நின்றுவிடுகிறது.

வீட்டில் சுட்ட ரொட்டி, பன் ஆகியவற்றை ஓரிரு நாளில் தீரும் அளவுக்குச் சுட்டு, நன்றாக ஆறியதும் மூடிய டப்பாவில் வெளியே வையுங்கள். மிஞ்சுவதைத் துண்டு போட்டு, காற்றுப் புகாத பையில் கட்டி, ஃப்ரீசரில் வையுங்கள். வேண்டும்போது துண்டுகளை எடுத்துத் தோசைக்கல்லில் சூடாக்கினால் மென்மை பெருமளவு திரும்பும். எறும்புக்குப் பயந்து ஃபிரிட்ஜில் வைப்பவர்கள், தட்டில் தண்ணீர் ஊற்றி அதன் நடுவே டப்பாவை வைத்தால் போதும். நம் வீடுகளில் காலங்காலமாகச் செய்வதுதான்.

வெயில் காலத்தில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சில கிருமிகளின் வித்துகள் மாவிலேயே இருக்கும். ஓவன் சூட்டிலும் சாகாது. வெக்கையும் புழுக்கமும் சேர்ந்தால் ஓரிரு நாளில் ரொட்டியின் உள்பகுதி பிசுபிசுத்து, பிய்த்தால் நூல் விடும். அழுகிய பழ வாசனை வரும். பூஞ்சை இல்லையே என்று அதைச் சாப்பிடக் கூடாது. மாவு பிசையும்போது சிறிது வினிகர் சேர்ப்பது இதைத் தடுக்க உதவும். பூஞ்சை பூத்த ரொட்டியில் அந்த இடத்தை மட்டும் வெட்டிவிட்டு மீதியை உண்பதும் சரியல்ல. ரொட்டி மென்மையானது என்பதால், கண்ணுக்குத் தெரியும் முன்பே பூஞ்சை உள்ளே பரவியிருக்கும்.

பிஸ்கட், ரஸ்க் ஆகியவற்றுக்கும் ஃபிரிட்ஜ் தேவையில்லை. வெளியே எடுத்ததும் குளிர்ந்த பண்டத்தின் மேல் நீர் பூத்து நமத்துப் போகும். இறுக மூடிய டப்பாவே அவற்றுக்கு இடம்.

கட்டாயம் உள்ளே வைக்க வேண்டியவை

கிரீம் பூசிய கேக், கஸ்டர்ட் நிரப்பிய பன், சீஸ் கேக், பழத்துண்டு வைத்த கேக், வட்டலப்பம் ஆகியவை கட்டாயம் ஃபிரிட்ஜில் இருக்க வேண்டும். கறி பஃப்ஸ், சிக்கன் ரோல் போன்ற இறைச்சி வைத்தவையும் அப்படியே. கிரீம் கேக்கை இரண்டு மூன்று நாளுக்குள் முடித்துவிட வேண்டும். இறைச்சி வைத்த பண்டங்களை மீண்டும் சூடாக்கும்போது நடுப்பகுதி வரை ஆவி பறக்கச் சூடாக்க வேண்டும்.

இங்கே சூடாக்கினால் தீராத ஒரு ஆபத்தும் உண்டு. நம் தோலிலும் மூக்கிலும் கையில் உள்ள புண்ணிலும் வாழும் ஒருவகைக் கிருமி கிரீமிலும் கஸ்டர்டிலும் விழுந்து, வெக்கையில் சில மணி நேரம் இருந்தால் நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு சூடாக்கினாலும் அழியாது. பிறகு ஃபிரிட்ஜில் வைத்தாலும் போகாது. நிறம், மணம், சுவை எதுவும் மாறாமல் இருக்கும்போதே வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். கையில் வெட்டுக்காயம் இருக்கும்போது கிரீம் வேலை செய்யாதீர்கள். தவிர்க்க முடியாவிட்டால் காயத்தைக் கட்டிக் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

கிரீம் இல்லாத வெறும் கேக், வெயில் காலத்தில் மூடிய டப்பாவில் இரண்டு நாள் வெளியில் இருக்கலாம். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஃப்ரீசர் நல்லது. துண்டுகளாகச் சுற்றி வைத்தால் இரண்டு மாதம் தாங்கும். சூடான கேக்கை அப்படியே உள்ளே தள்ளாதீர்கள். ஆவி நீராகிக் கேக்கை நனைக்கும். பக்கத்தில் உள்ளவையும் சூடாகும். கஸ்டர்டை மட்டும் முழுக்க ஆறும் வரை வெளியில் விடக் கூடாது. அகலமான தட்டில் மெல்லியதாகப் பரப்பி, சூடு தணிந்ததும் உள்ளே வைக்க வேண்டும். சர்க்கரைப் பாகு மாவான ஃபாண்டன்ட் போர்த்திய கேக்குக்கு ஃபிரிட்ஜ் ஆகாது; வெளியே எடுத்ததும் வியர்த்து ஒட்டும்.

செய்யும்போது ஃபிரிட்ஜின் உதவி

சமையல் குறிப்புகளில் "வெண்ணெய் அறை வெப்பத்தில் இருக்க வேண்டும்" என்று படிக்கிறோம். அந்தக் குறிப்புகள் குளிர் நாடுகளில் எழுதப்பட்டவை. அங்கே அறை வெப்பம் என்பது ஏறக்குறைய 20 டிகிரி. வெண்ணெய் உருகத் தொடங்குவது 32 முதல் 35 டிகிரியில். நம் அடுப்படியின் வெக்கையோ பல நாள்களில் அதையும் தாண்டும். வெண்ணெயை ஒரு மணி நேரம் வெளியே வைத்தால் உருகிவிடும். உருகிய வெண்ணெயில் சீனியைச் சேர்த்து அடித்தால் காற்று நிற்காது, கேக் எழும்பாது. வெண்ணெயைச் சிறு துண்டுகளாக்கிப் பத்துப் பதினைந்து நிமிடம் மட்டும் வெளியே வைத்து, விரலால் அழுத்தினால் பள்ளம் விழும் பதத்தில் எடுத்துக்கொள்ளுங்கள்.

பிஸ்கட் மாவை அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்துச் சுட்டால் தட்டில் பரந்து வழியாது. பஃப்ஸ் மாவை ஒவ்வொரு மடிப்புக்கும் நடுவே குளிர வைத்தால்தான் அடுக்கு பிரியும். கிரீம் அடிக்கும் பாத்திரத்தையும் கம்பியையும் முன்கூட்டியே குளிரவைத்தால் கிரீம் நன்றாக நிற்கும்.

ஈஸ்ட் சேர்த்த ரொட்டி மாவு நம் வெயிலில் சீக்கிரமே பொங்கிப் புளித்துவிடும். குளிர்ந்த தண்ணீரில் பிசைந்து, மூடிய பாத்திரத்தில் இரவு முழுதும் ஃபிரிட்ஜில் வைத்தால் மாவு மெதுவாக எழும்பும், சுவையும் கூடும். தராவீஹுக்கு முன் பிசைந்து வைத்து, மறுநாள் இஃப்தாருக்குச் சுட வசதியான முறை இது. திறந்த ஈஸ்ட் பொட்டலத்தைக் காற்றுப் புகாமல் மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் சுமார் நான்கு மாதம் வேலை செய்யும். முந்திரி, பாதாம் ஆகியவற்றையும் உள்ளே வைக்கலாம், எண்ணெய்ச் சிக்கு வாடை வராது. பேக்கிங் பவுடரை மட்டும் வெளியே வையுங்கள்; ஈரம் பட்டால் வீணாகிவிடும்.

கடல்பாசி இருக்க ஜெலட்டின் எதற்கு?

ஓவன் இல்லாமல் ஃபிரிட்ஜிலேயே இறுக வைக்கும் புட்டிங், மூஸ், சீஸ் கேக் ஆகியவற்றில் ஜெலட்டின் சேர்க்கச் சொல்வார்கள். ஜெலட்டின் என்பது விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது. பன்றியிலிருந்து எடுப்பதும் சந்தையில் உண்டு. எந்த விலங்கு, எப்படி அறுக்கப்பட்டது என்று தெரியாத பொருளைத் தவிர்ப்பதே பேணுதல். ஹலால் சான்று உள்ளதை வாங்கலாம். அதைவிட எளிது, நோன்பு காலத்தில் நம் வீடுகளில் இருக்கும் கடல்பாசி. ஜெலட்டின் சுமார் 35 டிகிரியில் இளகிவிடும். கடல்பாசி ஒருமுறை இறுகினால் 85 டிகிரி வரை இளகாது. கெடாமல் இருக்க ஃபிரிட்ஜ் வேண்டும். உருகாமல் இருக்க வேண்டியதில்லை. சற்றுக் கெட்டியாக இறுகும் என்பதால் அளவைக் குறைத்துச் சேர்க்க வேண்டும்.

குர்பானி இறைச்சியும் கேக்கும்

ஹஜ்ஜுப் பெருநாளில் எல்லா வீட்டு ஃபிரிட்ஜும் நிறைந்துவிடும். அதே நாளில்தான் கேக் ஆர்டரும் வரும். ஒரே ஃபிரிட்ஜில் இரண்டையும் வைக்கலாமா என்றால், வைக்கலாம்; முறையாக வைக்க வேண்டும். பச்சை இறைச்சியை மூடிய பாத்திரத்தில் போட்டு அடித்தட்டில் வையுங்கள். கேக், கிரீம், வட்டலப்பம் போன்று அப்படியே உண்பவை மேல் தட்டில் இருக்கட்டும். இறைச்சி நீர் ஒரு சொட்டு கேக்கில் விழுந்தாலும் அந்தக் கேக் பாதுகாப்பானதல்ல. கேக்கை இனிச் சுடப் போவதில்லை என்பதால் கிருமி சாக வழியில்லை. வெண்ணெயும் கிரீமும் பக்கத்தில் இருப்பதன் வாடையைச் சட்டென்று இழுத்துக்கொள்ளும். மூடாத கிரீம் கேக்கில் மீன் வாடை அடிப்பது இதனால்தான். காற்று சுற்ற இடமில்லாமல் அடைத்தாலும் உள்ளே குளிர் குறையும்.

இங்கே ஒரு வரலாற்றுச் செய்தியை நினைவூட்டுவது பொருத்தம். ஓர் ஆண்டு மதீனாவில் வறியவர்கள் நிறைய வந்திருந்தபோது, குர்பானி இறைச்சியை மூன்று நாளுக்கு மேல் வைத்திருக்க வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். நெருக்கடி நீங்கிய அடுத்த ஆண்டு, உண்ணவும் பிறருக்குக் கொடுக்கவும் சேமிக்கவும் அனுமதித்தார்கள். சேமிப்பு கூடும். ஆனால் அக்கம்பக்கத்தில் தேவை இருக்கும்போது நம் ஃப்ரீசரை நிரப்புவது முறையல்ல.

மின்சாரம் நின்றால்

மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து மாலை வரை மின்தடை என்று மின்வாரியம் அறிவிக்கும் நாள்கள் உண்டு. அன்றைக்கு கிரீம் கேக் ஆர்டர் எடுக்காமல் இருப்பது நல்லது. கதவைத் திறக்காவிட்டால் ஃபிரிட்ஜ் சுமார் 4 மணி நேரம் குளிரைப் பிடித்து வைக்கும். நிரம்பிய ஃப்ரீசர் 48 மணி நேரமும், பாதி நிரம்பியது 24 மணி நேரமும் தாங்கும். தண்ணீர்ப் பாட்டில்களை உறைய வைத்து ஃப்ரீசரின் காலி இடத்தை நிரப்பினால் குளிர் நீடிக்கும். 4 மணி நேரத்துக்கு மேல் மின்சாரம் இல்லாமல் இருந்த ஃபிரிட்ஜில் உள்ள கிரீம், கஸ்டர்ட், இறைச்சிப் பண்டங்களை உண்ணவோ விற்கவோ வேண்டாம்.

விற்பவர்களின் அமானிதம்

வீட்டுக்குள் செய்து உண்பதற்கும் விற்பதற்கும் வேறுபாடு உண்டு. நம் பிள்ளைக்குக் கொடுக்கும்போது கேக் எந்த நாள் செய்தது என்று நமக்குத் தெரியும். வாங்குபவருக்குத் தெரியாது. அவர் நம்மை நம்பியே வாங்குகிறார்; அந்த நம்பிக்கை நம் கையில் உள்ள அமானிதம்.

ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள நிகழ்ச்சி நாம் அறிந்ததே. கடைத்தெருவில் குவித்திருந்த தானியத்துக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்டது. மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. அப்படியானால் மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்க வேண்டாமா என்று நபியவர்கள் கண்டித்தார்கள். நனைந்த தானியத்தை விற்றதற்காக அல்ல, அதை மறைத்ததற்காகவே அந்தக் கண்டிப்பு. மூன்று நாளான ஸ்பாஞ்சின் மேல் புதுக் கிரீம் பூசி "இன்று செய்தது" என்று கொடுப்பதும் இதே வகைதான். "ஸ்பாஞ்ச் முந்தைய நாள் சுட்டு ஃப்ரீசரில் வைத்தது" என்று உள்ளதைச் சொல்லி விற்பதில் தவறில்லை. பல பேக்கரிகளின் வழக்கமே அதுதான். ஆனால் கிரீம் பூசி மூன்று நாள் ஆன கேக்கை, சொல்லி விற்பதும் வேண்டாம். உடலுக்குத் தீங்கு வரக்கூடியதை வாங்குபவர் ஒப்புக்கொண்டாலும் கொடுக்கக் கூடாது.

நாட்டின் சட்டமும் இதையே கேட்கிறது. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், வீட்டிலிருந்து விற்பவரும் பதிவு செய்துகொள்ள வேண்டும். 2011-இல் வந்த விதிமுறைகள், ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய்க்குள் விற்பவர்களைச் சிறு வணிகராகக் கருதி எளிய பதிவு முறையைத் தந்தன. இனிப்புக் கடைகள் உதிரியாக விற்கும் இனிப்புக்கும் எந்த நாளுக்குள் உண்ண வேண்டும் என்று எழுதிவைக்க வேண்டும் என்ற விதி 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. வீட்டில் செய்பவர்களும் டப்பாவின் மேல் மூன்று செய்திகளை எழுதி ஒட்டுங்கள்: செய்த தேதி, உண்ண வேண்டிய கடைசித் தேதி, ஃபிரிட்ஜில் வைக்க வேண்டுமா என்பது. கிரீம் கேக்கைப் பைக்கில் அனுப்பும்போது ஐஸ் பொட்டலத்தோடு வெயில் தாழ்ந்த பின் அனுப்புங்கள்.

எறிவது வீண்விரயமா?

கெட்ட உணவை அப்புறப்படுத்துவது வீண்விரயம் அல்ல, நோயைத் தடுப்பது. வீண்விரயம் அதற்கு முன்பே, தேவைக்கு மேல் சுட்டபோது நடந்துவிட்டது. எனவே அளவாகச் சுடுவோம். மிஞ்சும் என்று தெரிந்தால் அன்றைக்கே, நன்றாக இருக்கும்போதே, அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிடுவோம். நான்கு நாள் ஃபிரிட்ஜில் கிடந்து, நம் பிள்ளைக்குக் கொடுக்கத் தயங்கும் கேக்கை வீட்டு வேலைக்கு வரும் பெண்ணிடமோ மத்ரஸாப் பிள்ளைகளிடமோ கொடுத்துவிட்டு அதை ஸதகா என்று எண்ணக் கூடாது. நமக்கு ஆகாதது அவர்களுக்கும் ஆகாது.

வாரம் ஒருநாள், வியாழக்கிழமை மாலையாக இருந்தாலும் சரி, ஃபிரிட்ஜைத் திறந்து எது என்றைக்கு வைத்தது என்று பார்த்துத் துடைத்து வைக்கும் பழக்கத்தைக் குடும்பத்தில் ஏற்படுத்துங்கள். டப்பாவில் தேதி எழுதும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள்.

தூய்மையானதை உண்ணவும், தூய்மையானதை உண்ணக் கொடுக்கவும், நேர்மையான சம்பாத்தியத்தில் பரக்கத் பெறவும் அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக. ஆமீன்.